நூலில் பழம் பறித்தல்

இந்த அத்தியாயத்தை முடிக்கும்போது, ஒரு நூல் வளையத்தை மட்டும் வைத்துக்கொண்டு மூன்று உருவங்களை உங்களால் செய்ய முடியும்: கிழங்குத் திருடன், துறட்டி, ரம்பாய்க் கொத்து. முதல் இரண்டும் ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் நடுவே இருக்கும் தோரஸ் நீரிணைத் தீவுகளில் பதிவானவை. மூன்றாவது, வட அமெரிக்காவின் ஓசேஜ் பழங்குடியினரிடமும் ஹவாய்த் தீவினரிடமும் பதிவானது. செய்முறைகள் அவர்களுடையவை. அவற்றோடு நாம் சேர்க்கும் பழங்கள் மலேசியாவின் பேரா மாநிலத்துப் பாரிட் புந்தார் வட்டாரத்தில் வேலியோரத்திலும் பருவச் சந்தையிலும் கிடைப்பவை. பெற்றோர், தமிழ்ப்பள்ளி ஆசிரியர், விடுமுறை முகாம் நடத்துபவர் என யாராக இருந்தாலும் இந்த வரிசையிலேயே பழகுங்கள். முதல் உருவத்துக்குச் சில நிமிடம் போதும். மூன்றாவதற்குச் சில நாள் பொறுமை வேண்டும்.

தொடங்கும் முன் ஒரு கருத்து

நூல் உருவம் என்றதும் பலர் அதை நூலால் வரைந்த படம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி நினைத்தால் நாவலுக்கு ஒரு முட்டை வடிவம், ரம்பாய்க்கு ஒரு வட்டம் என்று தேடத் தொடங்குவோம். இழுத்துப் பிடித்த நூல் நேர்கோட்டைத்தான் தரும், வளைவைத் தராது. ஆகவே சீக்கிரமே அலுத்துக் கைவிட்டுவிடுவோம். இந்த அத்தியாயம் சொல்வது வேறு: உணவைப் பற்றிய நூல் உருவங்களில் செய்தி பெரும்பாலும் விரல்களின் அசைவில் இருக்கிறது. தோண்டுவது, பறிப்பது, சேர்ப்பது, வாரிக்கொண்டு ஓடுவது ஆகிய வேலைகளை விரல்கள் வரிசையாக நடித்துக் காட்டுகின்றன. கடைசியில் நிற்கும் கோலம் அந்த நடிப்பின் முடிவு, அவ்வளவுதான். ஆகவே கற்றுக்கொடுக்கும்போது உருவத்தின் தோற்றத்தைவிட அசைவின் வரிசையையும், ஒவ்வோர் அசைவோடும் சொல்லப்படும் சொல்லையும் காப்பாற்ற வேண்டும்.

இதற்குச் சான்று பதிவு வரலாற்றிலேயே கிடைக்கிறது. 1898இல் ஆல்ஃபிரட் ஹேடன் தலைமையில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் குழு ஒன்று தோரஸ் நீரிணைக்குப் போனது. அந்தத் தீவு மக்கள் செய்துகாட்டிய நூல் உருவங்களை எழுதிக்கொள்ள முயன்றபோது, முடிந்த உருவத்தை வரைந்து வைத்தால் பிறகு யாராலும் அதைத் திரும்பச் செய்ய முடியாது என்பது தெரிந்தது. அதனால் ஹேடனும் உடன் சென்ற ரிவர்ஸும் எந்த விரல், எந்த நூல், மேலிருந்தா கீழிருந்தா என்று படிப்படியாக எழுதும் முறை ஒன்றை வகுத்து 1902இல் வெளியிட்டார்கள். கேரலைன் ஃபர்னஸ் ஜேன் 1906இல் எழுதிய பெரிய தொகுப்பு நூல் அந்த முறையையே பின்பற்றியது. அதே 1902இல் வட குவீன்ஸ்லாந்துப் பழங்குடியினரின் உருவங்களை வால்டர் ரோத் அழகான படங்களாக வெளியிட்டார். அவற்றில் செய்முறை இல்லாததால், அந்தப் படங்களைப் பார்த்து வழியைத் திரும்பக் கண்டுபிடிப்பது பிற்கால ஆர்வலர்களுக்குப் பெரும்பாடாக இருந்தது. ஒரே ஆண்டில் வந்த இந்த இரண்டு பதிவுகளில், வழி எழுதப்பட்டது இன்றும் கைகளில் வாழ்கிறது. படம் மட்டும் உள்ளது தாளோடு நின்றுவிட்டது.

இதை நம்மூர்ச் சூழலோடு பொருத்திப் பார்ப்பதும் கடினமில்லை. பேராவின் மேட்டுக் காடுகளில் வாழும் தெமியார் என்ற ஓராங் அஸ்லி (பூர்வகுடி) மக்களிடம் பழ மரங்களைப் பற்றிய அறிவு பாட்டோடும் ஆட்டத்தோடும் கலந்தது. பழ மரங்களின் ஆவிகள் கனவில் வந்து பாடல் கற்றுத்தருவதாக அவர்கள் கொள்கிறார்கள். மெரினா ரோஸ்மன் 1991இல் வெளியிட்ட ஆய்வு நூல் இதை விரிவாகச் சொல்கிறது. அங்கே ஊடகம் பாட்டு, தோரஸ் தீவில் நூல். உணவைத் தேடும் வேலையை உடம்பால் நிகழ்த்தியே நினைவில் வைப்பது என்பதில் இரண்டும் ஒன்று.

நூல்: எது சரி, எது ஆபத்து

முறுக்கிய பருத்திக் கயிறுதான் சிறந்தது. சுமார் 2 முதல் 3 மில்லிமீட்டர் தடிமன் இருக்கட்டும். நீளத்துக்கு அளவுகோல் தேவையில்லை. செய்பவர் இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்தால் ஒரு கையின் நுனியிலிருந்து மறு கையின் நுனிவரை உள்ள நீளம், அதாவது ஒரு மார், போதும். பெரியவருக்கு இது ஏறக்குறைய 180 சென்டிமீட்டர் வரும். குழந்தைக்கு அதன் மாரே அளவு என்பதால் நூல் தானாகவே கைக்கு ஏற்றபடி குறைந்துவிடும். இரு நுனிகளையும் இறுக்க முடிந்து, மிச்சத்தைச் சிறு துண்டு மட்டும் விட்டு நறுக்குங்கள். பெரிய முடிச்சு விரல்களுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும்.

தூண்டில் நரம்பு வேண்டாம், அது தோலை அறுக்கும். கண்ணாடித்தூள் பூசிய பட்டநூலைத் தொடவே கூடாது. ராஃபியா நாடா வழுக்கும், கிழியும், இழுத்தால் முறுக்கிக்கொள்ளும். ஒன்றும் கிடைக்காத நேரத்தில் நீளமான காலணி நாடா இரண்டை முடிந்துகொள்ளலாம்.

பாதுகாப்பு விதிகள் சில உண்டு. இவற்றைச் சிறுவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

1. நூல் வளையம் கழுத்துக்குப் போகவே கூடாது, விளையாட்டுக்கும் கூடாது. பழகி முடித்ததும் வளையத்தைச் சுருட்டிப் பையில் போட வேண்டும். மாலைபோல் போட்டுக்கொண்டு ஓட விடாதீர்கள்.
2. பல்லால் நூலைப் பிடிக்கும் உருவங்களைச் சிறுவர்களுக்குக் கற்றுத்தர வேண்டாம். இந்த அத்தியாயத்தில் அப்படி எதுவும் இல்லை.
3. விரல் நுனி நீலமாகவோ வெளுத்தோ போனால், உருவம் பாதியில் இருந்தாலும் உடனே அவிழ்த்துவிட வேண்டும்.
4. மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள் இருக்கும் வீட்டில் நூலைத் தரையில் விட்டுவைக்காதீர்கள்.
5. மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள்.

விரல்களுக்கும் நூல்களுக்கும் பெயர்

செய்முறையில் வரும் சொற்களை இங்கே ஒரு முறை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விரலில் மாட்டியிருக்கும் நூல் ‘கண்ணி’. ஒவ்வொரு கண்ணிக்கும் இரண்டு நூல்கள் உண்டு: உங்கள் மார்புக்குப் பக்கத்தில் இருப்பது கிட்ட நூல், தள்ளி இருப்பது எட்ட நூல். உள்ளங்கையின் குறுக்கே ஓடுவது உள்ளங்கை நூல். ‘எடுப்பது’ என்றால் விரலை நூலுக்கு அடியில் கொண்டுபோய், விரலின் முதுகில் நூலைத் தாங்கிக்கொண்டு பழைய இடத்துக்குத் திரும்புவது. ‘விடுவது’ என்றால் விரலைக் கண்ணியிலிருந்து உருவிக்கொள்வது. இந்தச் சொற்களில் தெளிவு இல்லாமல் போகும்போதுதான் முக்கால்வாசிச் சிக்கலும் வருகிறது. குறிப்பாகக் கிட்ட நூல், எட்ட நூல் இரண்டையும் குழந்தைகள் அடிக்கடி மாற்றிவிடுவார்கள். தொடக்கத்தில் கிட்ட நூலை ஆசிரியரே விரலால் தொட்டுக் காட்டுவது நல்லது.

முதல் உருவம்: கிழங்குத் திருடன்

தோரஸ் தீவில் விரல்களில் ஏறும் கண்ணிகள் வள்ளிக்கிழங்குகள். தோட்டத்தில் நுழைந்த திருடன் ஒவ்வொன்றாகத் தோண்டிச் சேர்க்கிறான். கடைசியில் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு ஓடுகிறான். இதே வித்தைக்கு ‘எலி’ என்ற பெயரும் உண்டு. முடிவில் கையில் எந்த உருவமும் நிற்பதில்லை, நூல் வெறுமனே அவிழ்ந்து போகிறது. பார்த்து ரசிக்கக் கோலம் ஒன்றும் மிஞ்சாத இந்த வித்தைக்கு இவ்வளவு துல்லியமான ஒரு கதை இருப்பது, அசைவே செய்தி என்ற நம் வாதத்துக்கு வலுவான துணை. அதனால்தான் இதை முதலில் வைத்திருக்கிறோம்.

1. இடக்கையை முகத்துக்கு முன் நீட்டுங்கள். உள்ளங்கை உங்களைப் பார்க்க, கட்டைவிரல் மேலே, மற்ற விரல்கள் வலப்பக்கம் நீள இருக்கட்டும். விரல்களுக்கு நடுவே இடைவெளி விடுங்கள்.
2. நூல் வளையத்தைக் கட்டைவிரலில் தொங்கவிடுங்கள். ஒரு நூல் உள்ளங்கைப் பக்கமும் (முன்நூல்) இன்னொன்று புறங்கைப் பக்கமும் (பின்நூல்) தொங்கும்.
3. வலது ஆள்காட்டி விரலை முன்நூலுக்கு அடியில் நுழைத்து, இடது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நீட்டுங்கள். பின்நூலைக் கொக்கிபோல் மாட்டி, முன்நூலுக்கு அடியிலேயே உங்கள் பக்கம் இழுங்கள்.
4. இழுத்து வந்த சிறு கண்ணியைக் கடிகார முள் சுற்றும் திசையில் ஒரு முறை திருப்பி இடது ஆள்காட்டி விரலில் மாட்டுங்கள். தொங்கும் இரு நூல்களையும் கீழே இழுத்து இறுக்குங்கள். முதல் கிழங்கு கிடைத்தது.
5. அடுத்து ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே அதே வேலை. கண்ணி நடுவிரலுக்குப் போகும். இப்படியே மோதிரவிரல், சுண்டுவிரல்.
6. கட்டைவிரலில் இருக்கும் கண்ணியை உருவி விடுங்கள்.
7. முன்நூலைப் பிடித்து மெல்ல இழுங்கள். நான்கு விரல்களிலிருந்தும் நூல் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்று ஓடும்.

கடைசியில் நூல் மாட்டிக்கொண்டால், பெரும்பாலும் மூன்றாம் படியில் பின்நூலை முன்நூலுக்கு மேலாக இழுத்திருப்பீர்கள். நான்காம் படியில் ஒரு விரலுக்கு ஒரு திசை, இன்னொரு விரலுக்கு வேறு திசை என்று திருப்புவதும் வழக்கமான தவறு. ஒவ்வொரு விரலுக்கும் ஒரு வாக்கியம் சொல்லிக்கொண்டே மாட்டினால் இரண்டும் குறையும்: ‘ஒண்ணு தோண்டியாச்சு, திருப்பு, கட்டு’ என்று குழந்தை வாயால் சொல்லிக்கொண்டே செய்தால் கை மறக்காது.

உள்ளூர் வடிவத்தில் இந்தக் கிழங்கைக் காடோங் என்று வைத்துக்கொள்ளலாம். மலேசியக் காடுகளில் தானாக வளரும் கொடிக்கிழங்கு அது, நச்சுள்ளது. சீவி, ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊறவைத்து நஞ்சை நீக்கத் தெரிந்தவர்கள் மட்டுமே அதை உண்பார்கள். காடோங் திருடிய திருடன் வீட்டுக்குப் போய் அப்படியே வேகவைத்துச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று குழந்தைகளைக் கேளுங்கள். வித்தை முடிந்த கையோடு, தெரியாத கிழங்கைத் தின்னக் கூடாது என்ற பாடமும் அவர்கள் வாயிலிருந்தே வந்துவிடும்.

இரண்டாம் உருவம்: துறட்டி

உயரத்தில் காய்க்கும் பழத்தைப் பறிக்க நுனி பிளந்த நீளக் கழி வேண்டும். நாம் துறட்டி என்கிறோம், மலாய்க்காரர்கள் காலா என்கிறார்கள். இந்த உருவத்தில் ஒரு பக்கம் நீண்ட கைப்பிடி, மறு பக்கம் மூன்று முனை. தோரஸ் நீரிணையின் மேர் தீவில் இதன் பெயர் ‘பௌர்’, மீன் குத்தும் ஈட்டி.

1. இரு கைகளையும் உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்க நிறுத்துங்கள். நூலைக் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் பின்னால் மாட்டுங்கள். இரு உள்ளங்கைகளிலும் குறுக்கே ஒரு நூல் ஓட வேண்டும். இதுதான் தொடக்க நிலை.
2. வலது ஆள்காட்டி விரலால் இடது உள்ளங்கை நூலை அடியிலிருந்து எடுங்கள். கைகளை விலக்கும்போதே அந்த விரலை இரண்டு மூன்று முறை சுழற்றி, கண்ணியின் இரு நூல்களையும் முறுக்கேற்றுங்கள்.
3. இடது ஆள்காட்டி விரலை, வலது ஆள்காட்டிக் கண்ணியின் இரு நூல்களுக்கு நடுவே, விரலை ஒட்டிய இடத்தில் நுழைத்து, வலது உள்ளங்கை நூலை அடியிலிருந்து எடுத்துத் திரும்புங்கள்.
4. வலது கட்டைவிரலையும் வலது சுண்டுவிரலையும் விடுங்கள். கைகளை விலக்கி இழுங்கள்.

மூன்று முனையும் இடது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், சுண்டுவிரலில் நிற்கும். கைப்பிடி வலது ஆள்காட்டி விரலில். இழுத்ததும் எல்லாம் கலைந்துவிட்டால் மூன்றாம் படியில் கண்ணிக்கு நடுவே நுழையாமல் வெளியே போயிருக்கிறீர்கள். முறுக்கு குறைந்தால் கைப்பிடி இரண்டு நூலாகப் பிரிந்து தெரியும்.

துறட்டியை உடனே பயன்படுத்திப் பாருங்கள். இன்னொரு குழந்தை தன் விரலை மூன்று முனைக்கு நடுவே பழமாக நீட்ட, செய்தவர் இடக்கை விரல்களை மெல்லக் குவித்து அதைப் ‘பறிக்க’ வேண்டும். இறுக்கிப் பிடிக்கக் கூடாது என்பதை முன்பே சொல்லுங்கள்.

மூன்றாம் உருவம்: ரம்பாய்க் கொத்து

ரம்பாய் மரத்தில் பழங்கள் நீண்ட சரமாகத் தொங்கும், தண்டிலும் தடித்த கிளைகளிலும். மெல்லிய, வெல்வெட்டுபோன்ற மஞ்சள் தோல். உள்ளே புளிப்பும் இனிப்பும் கலந்த கண்ணாடிச் சதை. நான்கு சாய்சதுரங்கள் வரிசையாக நிற்கும் ஓசேஜ் உருவம் இந்தச் சரத்துக்குப் பொருந்தும். படிகள் அதிகம். ஆகவே தினமும் மூன்று படி மட்டும் பழகி, நூலை அவிழ்த்து, மறுநாள் முதலிலிருந்து தொடங்குங்கள். நடுவில் விட்ட இடத்திலிருந்து தொடர முயல்வது வீண்.

1. தொடக்க நிலை. வலது ஆள்காட்டி விரலால் இடது உள்ளங்கை நூலை எடுங்கள். பிறகு இடது ஆள்காட்டி விரலை வலது ஆள்காட்டிக் கண்ணிக்கு நடுவே நுழைத்து வலது உள்ளங்கை நூலை எடுங்கள். முறுக்கு வேண்டாம்.
2. இரு கட்டைவிரல்களையும் விடுங்கள்.
3. கட்டைவிரல்களை எல்லா நூல்களுக்கும் அடியில் கொண்டுபோய், சுண்டுவிரலின் எட்ட நூலை எடுத்துத் திரும்புங்கள்.
4. கட்டைவிரல்களை ஆள்காட்டி விரலின் கிட்ட நூலுக்கு மேலாகக் கொண்டுபோய், அதே விரலின் எட்ட நூலை அடியிலிருந்து எடுங்கள்.
5. சுண்டுவிரல்களை விடுங்கள்.
6. சுண்டுவிரல்களை ஆள்காட்டி விரலின் கிட்ட நூலுக்கு மேலாக உங்கள் பக்கம் கொண்டுவந்து, கட்டைவிரலின் எட்ட நூலை அடியிலிருந்து எடுங்கள்.
7. கட்டைவிரல்களை விடுங்கள்.
8. கட்டைவிரல்களை ஆள்காட்டிக் கண்ணியின் இரு நூல்களுக்கும் மேலாகக் கொண்டுபோய், சுண்டுவிரலின் கிட்ட நூலை அடியிலிருந்து எடுங்கள்.
9. வலக்கை விரல்களால் இடது ஆள்காட்டி விரலின் கிட்ட நூலை, விரலுக்குப் பக்கத்தில் பிடித்து இழுத்து, இடது கட்டைவிரலிலும் மாட்டுங்கள். வலது கட்டைவிரலுக்கும் இதே போல். இப்போது ஒவ்வொரு கட்டைவிரலிலும் இரண்டு கண்ணிகள், ஒன்று கீழே, ஒன்று மேலே.
10. கீழ்க்கண்ணியை மேல்கண்ணிக்கு மேலாகத் தூக்கிக் கட்டைவிரலிலிருந்து கழற்றி விடுங்கள். மேல்கண்ணி விரலிலேயே இருக்க வேண்டும்.
11. ஒவ்வொரு கட்டைவிரலுக்குப் பக்கத்திலும் ஒரு சிறு முக்கோணம் தெரியும். ஆள்காட்டி விரல்களை மடக்கி அதற்குள் மேலிருந்து நுழையுங்கள்.
12. சுண்டுவிரல்களை விட்டு, உள்ளங்கைகள் வெளியே பார்க்கும்படி கைகளைத் திருப்பி, ஆள்காட்டி விரல்களை நிமிர்த்தி, கட்டைவிரல்களை விலக்கிப் பிடியுங்கள்.

தோல்வி பெரும்பாலும் 10ஆம் படியிலும் 12ஆம் படியிலும் வருகிறது. பத்தில் மேல்கண்ணியும் சேர்ந்து கழன்றுவிடும். அதைத் தவிர்க்க, ஒன்பதாம் படியில் மாட்டும்போதே மேல்கண்ணியைக் கட்டைவிரல் நுனிப் பக்கம் தள்ளி வையுங்கள். பன்னிரண்டில் பதற்றத்தோடு வெடுக்கென்று இழுத்தால் சரம் ஒரே முடிச்சாகிவிடும். கைகளைத் திருப்பும் வேகமும் சுண்டுவிரலை விடும் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆள்காட்டி விரலில் பழைய கண்ணி தானாகவே நழுவும். அதைப் பிடித்து நிறுத்த முயலாதீர்கள்.

எழக்கூடிய மறுப்புகள்

‘நான்கு சாய்சதுரம் சரம்போலத் தெரிகிறதே, அது படம்தானே?’ என்று இந்த இடத்தில் ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. முடிவில் ஒரு பொருளின் சாயலைத் தரும் உருவங்கள் உண்டு, அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சாயலைப் பார்த்து மட்டும் பெயரைச் சொல்லிவிட முடியாது. இரண்டாம் உருவத்தையே எடுத்துக்கொள்வோம். மேர் தீவில் அது மீன் ஈட்டி. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் தொம்சன் பழங்குடியினரிடம் அதே கோலத்தின் பெயர் கூடாரம் அடித்தல். கடலில் மீன் குத்துபவர்கள் மூன்று முனையைப் பார்த்தார்கள், கூடாரம் போடுபவர்கள் சேர்த்துக் கட்டிய கழிகளைப் பார்த்தார்கள். கோலம் ஒன்றாகவே இருக்க, பொருள் அவரவர் வேலையிலிருந்து வந்திருக்கிறது. ஆகவே நூலோடு வேலையின் கதையும் சேர்ந்து கைமாறினால்தான் உருவம் முழுமையாகப் போய்ச் சேரும். ரம்பாய்க் கொத்துக்கும் இதுவே விதி. சாய்சதுரம் நான்கைக் காட்டி இது ரம்பாய் என்றால் குழந்தைக்கு அது ஒரு பெயர். ஏறினோம், கொத்தைப் பிடித்தோம், கீழ்க்காம்பைக் கழற்றினோம், கூடையைத் திருப்பினோம் என்று படிகளோடு சேர்த்துச் சொன்னால் அது ஒரு வேலை.

இரண்டாவது மறுப்பு கனமானது. பிற பழங்குடியினரின் உருவங்களை எடுத்து உள்ளூர்ப் பழத்தின் பெயரைச் சூட்டுவது அவர்கள் சொத்தைக் களவாடுவது ஆகாதா? மேலே சொன்ன சான்றுகளே காட்டுவதுபோல, ஒரே செய்முறை பல மக்களிடம் பல பெயரில் வழங்கியிருக்கிறது. ஆகவே புதுப் பெயர் வைப்பதே தவறு என்று சொல்ல முடியாது. மூலத்தை மறைப்பதுதான் தவறு. துறட்டியைக் கற்றுத்தரும்போது ‘இது தோரஸ் நீரிணையில் பௌர் என்ற மீன் ஈட்டி, நாம் இங்கே துறட்டி என்கிறோம்’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள். இன்னும் கவனமாக இருக்க வேண்டியது ஒன்று உண்டு. பள்ளிக் கண்காட்சியில் இவற்றை ‘பேரா ஓராங் அஸ்லியின் தொன்மையான பழ உருவங்கள்’ என்று எழுதி ஒட்டிவிடுவது எளிது, பார்ப்பவர்களுக்கும் பிடிக்கும். அது பொய். இந்த நூலில் உள்ளவற்றைச் செமாய், தெமியார் போன்ற ஓராங் அஸ்லி மக்களின் தலையில் கட்டுவது அவர்களுக்கு மரியாதை செய்வது ஆகாது. அவர்களிடம் உள்ளதை அவர்களே சொல்லிக் கேட்க வேண்டும்.

மூன்றாவது மறுப்பு காணொளியைப் பற்றியது. யூடியூபில் நூற்றுக்கணக்கான செய்முறைகள் இருக்கும்போது எழுத்தில் படிப்பானேன்? காணொளி உதவும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பலவற்றில் எதிரே இருப்பவரின் கைகள் தெரிவதால் இடம் வலமாகிவிடுகிறது, படிகளுக்குப் பெயர் இல்லை, எந்த மக்களுடையது என்ற தகவலும் இல்லை. பார்த்துப் பழகிய குழந்தை செய்துகாட்டும், இன்னொருவருக்கு வாயால் சொல்லித்தரத் திணறும். எழுதிய படியைப் படித்துச் செய்தவருக்கு அந்தச் சிக்கல் குறைவு. முதலில் எழுத்து, சந்தேகம் வந்த இடத்தில் மட்டும் காணொளி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவதாக, காட்டுப் பழம் பறிக்கப் பாரிட் புந்தார் அடங்கிய கெரியான் மாவட்டத்தில் காடு எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். கரும்புத் தோட்டங்களில் வேலைக்குத் தமிழர்கள் வந்திறங்கிய காலத்திலேயே இந்தச் சமவெளி வெட்டித் திருத்தப்பட்டது. 1906இல் புக்கிட் மேராவிலிருந்து பாசனம் வந்தபின் வயல் விரிந்தது, ரப்பரும் பிறகு செம்பனையும் மற்ற இடத்தை எடுத்துக்கொண்டன. ஆனால் காட்டுப் பழம் என்பது அடர்காட்டில் மட்டும் விளைவதில்லை. தோட்ட எல்லையில் நாக்கை ஊதாவாக்கும் செண்டுடோக், வேலியில் படரும் லெத்துப்-லெத்துப், மலாய்க்காரர்கள் கெரியாங் என்று அழைக்கும் நாவல் ஆகியவை யாரும் நடாமலே வளர்ந்து, தோட்டப் பிள்ளைகள் பறித்துத் தின்றவை. தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் போனபின் இந்த மரஞ்செடிகளை எங்கே தேடுவது, எப்போது பழுக்கும் என்ற அறிவும் போய்க்கொண்டிருக்கிறது. நூல் பழகும் குழந்தையிடம் ஒரு பழத்தின் பெயரையும் அதைப் பறிக்கும் விதத்தையும் சேர்த்துக் கொடுப்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

உண்மையான பழத்தைத் தேடிப் போகும்போது

உருவம் பழகியபின் பிள்ளைகள் பழத்தைப் பார்க்க ஆசைப்படுவார்கள். அழைத்துப் போங்கள், ஆனால் கீழே உள்ளவற்றில் எதையும் தளர்த்தாதீர்கள்.

1. பெரியவர் ஒருவர் பார்த்து, இன்ன பழம் என்று உறுதியாகச் சொல்லாத எதையும் வாயில் வைக்கக் கூடாது. சிவப்பாக இருப்பதும் பறவை தின்பதும் சான்று ஆகா. குன்றிமணி கண்ணைக் கவரும், அதை மென்றால் உயிருக்கே ஆபத்து.
2. லெத்துப்-லெத்துப் நன்றாகப் பழுத்து மஞ்சளான பிறகே தின்ன வேண்டும். பச்சைக் காயில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது.
3. வயல் வரப்பிலும் செம்பனை வரிசைகளுக்கு ஓரத்திலும் களைக்கொல்லி அடிப்பார்கள். மலேசியாவில் பாராகுவாட் 2020 ஜனவரி முதல் தடைசெய்யப்பட்டது. கிளைபோசேட் போன்றவை இன்னும் புழக்கத்தில் உள்ளன. புல் கருகிப் பழுப்பாகக் கிடக்கும் இடத்தில் செண்டுடோக் எவ்வளவு பழுத்திருந்தாலும் தொட வேண்டாம்.
4. கீழே விழுந்த பழத்தில் பல் பட்ட தடம், கடித்த குறி இருந்தால் எடுக்காதீர்கள். 1998இல் ஈப்போ வட்டாரத்தில் தொடங்கிய நிபா தொற்று 1999க்குள் மலேசியாவில் நூற்றுக்கு மேற்பட்டவர்களைப் பலிகொண்டது. பழந்தின்னி வௌவால்கள் கடித்துப் போட்ட பழங்கள் வழியாகவே கிருமி பன்றிப் பண்ணைகளுக்குள் போயிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் முடிவு.
5. மரம் ஏறுவதைப் பிள்ளைகளுக்கு விடாதீர்கள். துறட்டி எதற்கு இருக்கிறது? மின்கம்பிக்குப் பக்கத்தில் உள்ள மரத்தில் துறட்டியும் கூடாது.

பத்துப் பேருக்குக் கற்றுத்தருவது எப்படி

கூட்டமாகக் கற்றுத்தரும்போது ஆசிரியர் எதிரே நிற்காமல் பிள்ளைகளோடு ஒரே பக்கம் பார்த்து உட்கார வேண்டும். இல்லாவிட்டால் இடம் வலம் குழம்பிவிடும். இரண்டு பேருக்கு ஒரு நூல் கொடுங்கள். ஒருவர் செய்ய, மற்றவர் படிகளை வாயால் சொல்ல வேண்டும். பிறகு மாற்றிக்கொள்ளலாம். சொல்பவர் கையைத் தொட்டு உதவக் கூடாது என்பது ஒரே கட்டுப்பாடு. இப்படிச் செய்தால் சொற்களும் அசைவும் ஒன்றாக ஏறும். வேகமாகக் கற்றவர்களை முந்திப் போக விடாமல், அடுத்தவருக்குச் சொல்லித்தரும் வேலையைக் கொடுங்கள்.

தமிழ்ப் பிள்ளைகளில் சிலருக்கு, இருவர் மாற்றி மாற்றி நூலை எடுத்துக் கட்டில் முதலான உருவங்கள் செய்யும் ஆட்டம் வீட்டிலேயே தெரிந்திருக்கும். ஆசியாவின் பல நாடுகளில் இது பரவியிருக்கிறது. அதைத் தெரிந்தவரை முதலில் செய்துகாட்டச் சொல்லுங்கள். தமிழகத்திலிருந்து கொண்டுவந்ததா, பள்ளியில் சீனப் பிள்ளைகளிடம் கற்றதா, மலாய்ப் பக்கத்து வீட்டில் கற்றதா என்று கேட்டு எழுதிவையுங்கள். பெரியவர்களின் நினைவில் இருக்கும் உருவங்கள் இந்த நூலில் உள்ளவற்றைவிட மதிப்புள்ளவை.

யாராவது புதிய உருவம் காட்டினால்

பாட்டி ஒருவரோ, பழம் விற்க வந்த ஓராங் அஸ்லி நண்பர் ஒருவரோ நூலை வாங்கி எதையாவது செய்துகாட்டினால், உடனே முடிந்த உருவத்தைப் படம் எடுக்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். பதிவு செய்யும் வரிசை இது.

1. எழுதிக்கொள்ளலாமா, மற்றவர்களுக்குக் கற்றுத்தரலாமா என்று முதலில் கேளுங்கள். வேண்டாம் என்றால் அத்தோடு நிறுத்திவிடுங்கள்.
2. மெதுவாக இன்னொரு முறை செய்யச் சொல்லி, இந்த அத்தியாயத்தின் சொற்களைக் கொண்டு படிப்படியாக எழுதுங்கள்.
3. செய்யும்போது அவர் சொன்ன சொற்களை அவர் மொழியிலேயே, அந்தந்தப் படிக்கு எதிரே எழுதுங்கள். பாட்டு உண்டா என்று கேளுங்கள்.
4. எழுதியதைப் பார்த்து நீங்களே அவர் முன்னால் செய்யுங்கள். தவறினால் அவர் திருத்துவார். அந்தத் திருத்தத்தையும் எழுதுங்கள்.
5. பெயர், பொருள், எந்தப் பழம் அல்லது வேலை, யாரிடம் கற்றார், எந்த ஊர், தேதி ஆகியவற்றைக் கேட்டுக் குறியுங்கள்.
6. இறுதியில் அதே உருவத்தை ஒரு தனி நூலில் செய்து, கலையாமல் அட்டையில் வைத்து இரண்டு மூன்று இடத்தில் தைத்துவிடுங்கள். 1948இல் வட ஆஸ்திரேலியாவின் யிர்க்காலாவில் ஃபிரெடரிக் மக்கார்த்தி சேகரித்த 193 உருவங்கள் இப்படி அட்டையில் பொருத்தப்பட்டு சிட்னியின் ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அட்டையின் பின்புறம் படிகளை ஒட்டுங்கள். ஒரு பிரதியை எழுதி உருவம் காட்டியவர் கையில் கொடுத்துவிடுங்கள்.